களிமண்ணில் கணக்கு எழுதியவர்கள்



பழைய நாகரிகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது உலகுக்கு விட்டுச்சென்றது என்ன என்று பேசும்படி கேட்டார்கள். நான் மெசபடோமியாவை எடுத்துக்கொண்டேன். யூப்ரடீஸ், டைக்ரிஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, இன்றைய இராக்கில், சுமேரியர்களும் அக்காடியர்களும் பாபிலோனியர்களும் அசீரியர்களும் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று கட்டிய நாகரிகம் அது.

பாபிலோன் என்றதும் நம்மில் பலருக்குத் தொங்கு தோட்டம்தான் நினைவுக்கு வரும். அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் எழுதியிருக்கிறார்கள். பாபிலோனில் கிடைத்த ஆயிரக்கணக்கான ஏடுகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை கிடைக்கவில்லை. வானளாவிய கோயில் மேடைகளைக் கட்டினார்கள். அவை சுடாத செங்கல்லால் ஆனவை என்பதால் பெரும்பாலும் மண்மேடாகிவிட்டன. அரண்மனைகள் எரிந்தன. அரசர்களின் பெயர்களைப் படித்தவர்களும் மறந்துபோனார்கள். ஆனால் அங்கே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையளவு ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் கணக்கு எழுதிய எழுத்தர்கள் இருந்தார்களே, அவர்கள் செய்த வேலை மட்டும் நிற்கவே இல்லை. இன்று காலை நீங்கள் கடிகாரம் பார்த்தபோதும் அது உங்கள் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நான் அந்த எழுத்தர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தென் மெசபடோமியாவில் கல் இல்லை, உலோகம் இல்லை, நல்ல மரம் இல்லை. இருந்தது வண்டல் மண், நாணல், ஆற்று நீர். வாய்க்கால் வெட்டினால் வாற்கோதுமை விளையும், பேரீச்சை காய்க்கும், ஆடு பெருகும். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். ஆக, விளைந்ததைச் சேர்த்து வைக்க வேண்டும், பங்கிட வேண்டும், பண்டமாற்றுக்கு அனுப்ப வேண்டும். ஊருக் என்ற நகரத்தில் கோயில்தான் பெரிய களஞ்சியம். யார் எவ்வளவு அளந்தார், எத்தனை ஆடு வந்தது, வேலைக்காரர்களுக்கு எவ்வளவு தானியம் கொடுத்தோம் என்பதை ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஊர் பெருத்துவிட்டது. எழுத்து பிறந்தது அங்கேதான், கி.மு. 3300-ஐ ஒட்டி. ஊருக்கில் கிடைத்த ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்ககால ஏடுகளில் மிகப் பெரும்பாலானவை வரவு செலவுக் கணக்குகள். தானியம், பீர், ஆடு, ஆள். மீதியுள்ளவை மாணவர் மனப்பாடம் செய்வதற்கான சொற்பட்டியல்கள். கதை இல்லை, பாட்டு இல்லை, வழிபாட்டு வரிகூட இல்லை. அவையெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்தே ஏடு ஏறின.

அதற்கும் முன்னால், பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறுசிறு களிமண் வில்லைகளை வைத்து எண்ணும் பழக்கம் அந்தப் பகுதியில் இருந்தது. கூம்பு ஒரு அளவைக் குறிக்கும், உருண்டை ஒரு அளவைக் குறிக்கும். பிறகு அந்த வில்லைகளைக் களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே அழுத்திக் காட்டினார்கள். வெளியே அடையாளம் இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? அழுத்தின அடையாளமே போதும் என்று ஆனது. டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸராட் என்ற அறிஞர் தம் வாழ்நாளைச் செலவிட்டு விளக்கிய வரலாறு இது. எல்லாக் குறிகளும் வில்லையிலிருந்துதான் வந்தனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எண்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதை மறுப்பது கடினம்.

அந்த ஊருக் ஏடுகள் சிலவற்றில் வாற்கோதுமைக் கணக்கின் அருகே ‘குஷிம்’ என்று படிக்கத்தக்க ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஓர் ஆளின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆளின் பெயர் என்றால், மனித வரலாற்றில் எழுத்தில் பதிவான முதல் பெயர்களில் அது ஒன்று. அவர் மன்னரும் இல்லை, வீரரும் இல்லை. பீர் காய்ச்சத் தானியம் அளந்து கொடுத்த கணக்கர்.

இந்தக் கணக்கர்கள் எப்படி உருவானார்கள்? நிப்பூர் நகரத்தில் கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறிய வீட்டை 1950-களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்தார்கள். ஆய்வாளர்கள் அதற்கு ‘எஃப் வீடு’ என்று பெயர் வைத்தார்கள். சாதாரணக் குடும்ப வீட்டின் அளவுதான். அதற்குள் ஏறத்தாழ 1,400 ஏடுகளும் துண்டுகளும் கிடைத்தன, பெரும்பாலானவை மாணவர்களின் பயிற்சி ஏடுகள். எழுதி முடித்ததை ஊறவைத்துப் பிசைந்து மறுபடி ஏடாக்கத் தொட்டி இருந்தது. வேண்டாத ஏடுகளைத் தரையிலும் சுவரிலும் செங்கல்லோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். நமக்கு அவை கிடைத்தது அதனால்தான்.

அங்கே ஒரு பிள்ளை முதலில் ஆப்பு வடிவக் கோடுகளை அழுத்தப் பழகும். பிறகு அசைகள், ஆட்பெயர்கள், மரப்பொருள்களின் பட்டியல், விலங்குகளின் பட்டியல், அளவைகள், வாய்ப்பாடு. அதற்குப் பிறகே இலக்கியம். சில ஏடுகளில் இடப்பக்கம் ஆசிரியரின் அழகான கையெழுத்தும் வலப்பக்கம் மாணவரின் கோணல் கையெழுத்தும் இருக்கின்றன. மாணவரின் பக்கம் பலமுறை அழித்தழித்து எழுதியதால் தேய்ந்து மெலிந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசியது அக்காடிய மொழி. பள்ளியில் படித்தது சுமேரியம், அன்றைக்கே பேச்சில் அற்றுப்போன மொழி. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள். அப்படியிருந்தும் பேசுவார் இல்லாத அந்த மொழியை அதன் பிறகும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக் கொடுத்தார்கள். மொழிப்பற்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

வாய்ப்பாடு என்றேன். அங்கேதான் உலகை மாற்றிய ஒரு கருத்து பிறந்தது. அவர்களுடைய எண் முறைக்கு அடிப்படை 60. நாம் பத்தைத் தாண்டினால் இடம் மாறுகிறோம், அவர்கள் அறுபதைத் தாண்டினால் இடம் மாறினார்கள். ஒரே குறி இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒன்று, அறுபது, மூவாயிரத்து அறுநூறு என்று மதிப்பு மாறும். இந்த இடமதிப்பு முறை கி.மு. 2000-ஐ ஒட்டியே அவர்களிடம் இருந்தது. ஏன் 60? அதை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்று எதனால் வகுத்தாலும் மீதி வராது. பங்கு போடுகிறவருக்கு அதைவிட நல்ல எண் கிடைப்பது அரிது. வகுத்தல் என்ற வேலையையே அவர்கள் ஒழித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். எட்டால் வகுக்க வேண்டுமா? எட்டின் தலைகீழ் எண்ணைப் பட்டியலில் பார்த்துப் பெருக்கிவிடு. பத்துக்குள் ஏழுக்கு மட்டும் முடிவான தலைகீழ் எண் கிடையாது. அதையும் மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்து வட்டமான ஏடு ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். அநேகமாக ஒரு மாணவர் எழுதியது. ஒரு சதுரம், அதற்குள் இரண்டு மூலைவிட்டங்கள், பக்கத்தின் நீளம் 30 என்ற குறிப்பு. மூலைவிட்டத்தின் மேல் ஓர் எண். அதை நம் முறைக்கு மாற்றினால் 1.414213 வருகிறது, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்கு இந்த எண்ணைக் கொண்டு மூலைவிட்டம் கணக்கிட்டால் பிழை ஒரு மில்லிமீட்டரை எட்டாது. பிதாகரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏடு அது.

நாளை 24 மணியாகப் பிரித்தது எகிப்து. மணியை 60 நிமிடமாகவும் நிமிடத்தை 60 நொடியாகவும் பிரிக்கும் பழக்கம் பாபிலோனின் அறுபதிலிருந்து வந்தது. வட்டத்துக்கு 360 பாகை என்பதும் அப்படியே. பாபிலோனியர் நாளையும் 360 கூறாகப் பிரித்தார்கள், ஒரு கூறு நம் கணக்கில் 4 நிமிடம். கிரேக்க வானியலாளர்கள் அந்த அறுபதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து அரபு வானியலாளர்களிடம் போனது. ஐரோப்பாவுக்கும் அதன் கடிகாரங்களுக்கும் அதற்குப் பிறகுதான் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது நாளைப் பத்து மணியாக மாற்றிப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

நான் மிகவும் வியக்கும் இடத்துக்கு இப்போது வருகிறேன். பாபிலோன் எழுத்தர்கள் வானத்துக்கும் கணக்கு எழுதினார்கள். இரவுக்கு இரவு சந்திரன் எங்கே நின்றது, எந்தக் கோள் எந்த விண்மீனுக்கு எத்தனை விரற்கடை தள்ளி இருந்தது, மேகம் மறைத்ததா என்று பதிவு செய்தார்கள். நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது கி.மு. 652-ஆம் ஆண்டினது, கடைசியானது கி.மு. 61-ஐச் சேர்ந்தது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டு, ஒரே முறையில், ஒரே நடையில். ஒவ்வொரு மாதத்தின் முடிவிலும் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு எவ்வளவு வாற்கோதுமை, பேரீச்சை, எள், கம்பளி என்று ஆறு பொருள்களின் விலை நிலவரம் வரும். யூப்ரடீஸில் நீர் எவ்வளவு ஏறியது என்று வரும். அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்த கி.மு. 323-ஆம் ஆண்டின் ஏட்டில் அரசர் இறந்தார் என்ற செய்தியும் வானம் மேகமூட்டம் என்ற செய்தியும் அடுத்தடுத்து நிற்கின்றன. பாதி உலகை வென்றவனின் சாவுக்கு அந்த எழுத்தர் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அன்றைய வேலை வானத்தைப் பார்ப்பது. மேகம் மறைத்ததால் பார்க்க முடியவில்லை என்பதை அவர் எழுதாமல் விடவில்லை.

தொடக்கத்தில் அவர்கள் வானத்தைப் பார்த்தது சகுனத்துக்காக. கிரகணம் வந்தால் அரசனுக்கு ஆபத்து என்று நம்பினார்கள். நோக்கம் அதுவாக இருந்தாலும் பதிவில் நேர்மை இருந்தது, அதனால் பதிவு நோக்கத்தைத் தாண்டி வளர்ந்தது. 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை, அதாவது 18 ஆண்டும் 11 நாளும் கழித்து, கிரகணங்கள் அதே வரிசையில் திரும்புவதைக் கண்டுகொண்டார்கள். 19 ஆண்டில் 235 சந்திர மாதங்கள் அடங்கும் என்று கண்டு, எந்தெந்த ஆண்டில் அதிகமாதம் சேர்ப்பது என்பதை விதியாக்கினார்கள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரி எவ்வளவு காலம் என்று அவர்கள் கணித்த அளவுக்கும் இன்றைய அளவுக்கும் வேறுபாடு அரை நொடிகூட இல்லை. கண்ணாடி வில்லையோ தொலைநோக்கியோ இல்லாதவர்கள் செய்தது இது. தாத்தா எழுதிவைத்ததைப் பேரன் நம்பி எடுத்துக் கூட்டிக் கழித்தான். பல நூற்றாண்டு அப்படி நடந்தால் அந்தத் துல்லியம் வரும். 2016-இல் மாத்தியூ ஓசன்டிரைவர் என்ற ஆய்வாளர் சில ஏடுகளைப் படித்து இன்னொன்றையும் காட்டினார்: வியாழன் கடந்த தொலைவைக் கணிக்க, வேகத்தையும் காலத்தையும் பக்கங்களாக வைத்துச் சரிவகத்தின் பரப்பைக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இந்த முறை 14-ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகிறது.

சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டு சம பாகமாக்கி ராசி மண்டலம் என்று வகுத்ததும் அவர்களே, கி.மு. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டி. கிரேக்கர்கள் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. விருச்சிகத்தின் தேள் அங்கேயும் தேள். துலாத்தின் தராசு அங்கேயும் தராசு. மகரம் அவர்களிடம் முன்பாதி ஆடாகவும் பின்பாதி மீனாகவும் இருந்தது.

நம் ஊர்க் கதை ஒன்று இங்கே வந்து சேர்கிறது. 1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த ஆண்டு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஏடும் எழுதுகோலும் தொடவில்லை. தொடக்க நேரம் நான்கு நிமிடம் மட்டுமே பிசகியது. நடுவும் முடிவும் இன்னும் கூடுதலாகப் பிசகின. வாரன் அதை அச்சில் பதிவு செய்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, பாபிலோனிய வானியல் ஏடுகளை ஆராய்ந்த ஓட்டோ நொய்கேபாவர் அந்தப் பதிவைப் படித்தார். சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுழற்சி ஒன்பது முறை நிகழ 248 நாள் ஆகும் என்பது நம் வாக்கியக் கணிதத்தின் அடித்தளம். 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். அதே 248, யூப்ரடீஸ் கரையின் களிமண் ஏடுகளிலும் இருப்பதை அவர் கண்டார். தமிழர் வானியல் என்ற தலைப்பிலேயே 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த எண் எந்த வழியாகப் பயணப்பட்டது என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எண்ணைச் சொல்லாக்கி, சொல்லை வாக்கியமாக்கி, நெஞ்சில் வைத்துக் கணித்தது இந்த மண்ணின் சாதனை.  பாபிலோனில் களிமண் ஏடு செய்த வேலையை இங்கே மனிதரின் நினைவே செய்தது. ராசி பார்க்கிறவர்களும் பார்க்காதவர்களும், வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் தொங்கினால், அந்த எண்ணின் அருகில்தான் இருக்கிறார்கள்.

இந்தியாவோடு அவர்களுக்கு இதற்கும் முந்தைய உறவு உண்டு. கி.மு. 2300-ஐ ஒட்டி ஆண்ட அக்காடிய அரசன் சார்கோன், மெலுக்காவின் கப்பல்கள் தன் துறையில் நின்றன என்று பெருமையாக எழுதிவைத்தான். மெலுக்கா என்பது சிந்துவெளியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஷு-இலிஷு என்பவரின் முத்திரை பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் மெலுக்கா மொழிக்கு மொழிபெயர்ப்பாளர். சிந்துவெளி எழுத்து இன்னும் புரியாத நமக்கு, அந்த மொழியைப் பேசத் தெரிந்த ஒருவரின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘ஊர்’ என்ற நகரத்தின் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவளங்கள் கிடைத்தன.

எழுதிவைக்கும் கை எல்லோருக்கும் நன்மை செய்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதின கடன் மறக்காது. பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக்கல்லைப் பாருங்கள், 282 விதிகள். உயர்குடியான் கண்ணைக் கெடுத்தால் கண்ணுக்குக் கண். எளியவன் கண்ணைக் கெடுத்தால் வெள்ளி கொடுத்தால் போதும். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டி, வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கு. கடனுக்கு ஈடாக மனைவியும் மக்களும் கொடுத்தவன் வீட்டில் மூன்று ஆண்டு உழைக்க வேண்டும், நான்காம் ஆண்டு விடுதலை. இந்த நாகரிகத்தைப் புகழ்கிறபோது அந்தக் குடும்பத்தையும் மறக்கக்கூடாது. அதே அரசமரபின் அம்மிசதுக்கா கி.மு. 1646-இல் ஒரு ஆணையிட்டான். வணிகக் கடன்கள் நிற்கட்டும், ஏழைகள் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய தானியக் கடனும் வெள்ளிக் கடனும் ரத்து என்றான். எந்தக் கடன் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல ஏடு இருந்ததால்தான் அப்படி ஓர் ஆணை நடைமுறைக்கு வர முடிந்தது.

ஏடுகள் எப்படித் தப்பின? கி.மு. 612-இல் நினிவே நகரம் எரிந்தது. அசீரிய அரசன் அசூர்பனிபால் நாடெங்கும் ஆள் அனுப்பிச் சேர்த்த நூலகமும் எரிந்தது. ஓலையோ தோலோ என்றால் அன்றே முடிந்திருக்கும். களிமண் தீயில் இறுகியது. 1853-இல் மோசுல் நகரத்து மைந்தர் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் அசூர்பனிபாலின் அரண்மனையைத் தோண்டிக் கண்டார். அந்த மண்ணிலேயே பிறந்தவரான அவருக்கு உரிய புகழை ஐரோப்பிய உலகம் நெடுங்காலம் கொடுக்கவில்லை. ஏடுகளின் எழுத்தைப் படித்துவிட்டோம் என்று சிலர் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1857-இல் இலண்டனில் நான்கு அறிஞர்களிடம் ஒரே கல்வெட்டைக் கொடுத்துத் தனித்தனியே மொழிபெயர்க்கச் சொல்லி, முத்திரையிட்ட உறைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். நான்கும் முக்கியமான இடங்களில் ஒத்துப்போயின. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித், பதினான்கு வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தகடு செதுக்கப் பழகியவர், பெருவெள்ளக் கதையைக் கில்காமேஷ் காப்பிய ஏட்டில் படித்து உலகுக்குச் சொன்னார்.

உலக அருங்காட்சியகங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏடுகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்னும் பதிப்பிக்கப்படவில்லை. 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது, ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவுபோயின. தோண்டும் இடங்களில் புதையல் திருடர்கள் கிளறிய குழிகளின் நட்டம் அந்தக் கணக்கில் சேராது. எந்த அறையில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத ஏடு பாதி ஊமை. நிப்பூரின் அந்தச் சிறிய வீடு பள்ளி என்று நமக்குத் தெரிந்தது, ஏடுகளை இருந்த இடத்திலேயே பார்த்ததால்.

இந்தப் பதிவுகள் பழங்கதை ஆகிவிட்டன என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். கி.மு. 136 ஏப்ரல் 15 காலையில் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். எழுத்தர் தம் பணியில் இருந்தார். சூரியன் உதித்து எத்தனை கூறு கழித்து அது தொடங்கியது என்று குறித்தார். இருட்டியதும் வெள்ளியும் புதனும் தெரிந்தன, அந்தப் பருவத்தில் சூரிய ஒளியில் மறைந்திருக்க வேண்டிய வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன என்று எழுதினார். இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஸ்டீஃபன்சன் நம் காலத்தில் அந்த ஏட்டைக் கணக்கில் எடுத்தார். பூமி எப்போதும் இன்றைய வேகத்திலேயே சுழன்றிருந்தால், அந்த முழுக் கிரகணத்தின் நிழல் பாபிலோனில் விழுந்திருக்கவே முடியாது. வெகு தொலைவு மேற்கே, மத்தியதரைக் கடலின் மறுகோடியில் விழுந்திருக்கும். வேறுபாடு மூன்று மணி நேரத்துக்கு மேல். பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிநொடி அளவில் கூடிவருகிறது. கடல் ஓதங்களின் உராய்வு மட்டும் இருந்தால் இந்த அளவு இன்னும் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து பூமியின் உட்பகுதி எப்படி நடந்துகொள்கிறது என்று இன்று ஆராய்கிறார்கள். அதற்கு அவர்கள் கையிலுள்ள பழைய சான்றுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று, பெயர் தெரியாத அந்த எழுத்தர் அன்று காலை எழுதிய சில வரிகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பூமியின் வேகத்தை இனி எந்தக் கருவி செய்தும் அளக்க வழியில்லை.